மாற்றுத்திறன் விளையாட்டு வீரர்களின் தூக்கமும் மனநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி முகாம்களில் வேகம், தசை பலம், உணவு பற்றியெல்லாம் பேச ஆள் இருக்கிறது. தூக்கம் என்று வந்தால் மட்டும் "நேரத்தோடு படு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாரா வீரர்கள், அவர்களுடைய பயிற்சியாளர்கள், வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நாம் கேள்விப்படும் தூக்க அறிவுரைகளில் பெரும்பாலானவை தானே புரண்டு படுக்கவும், தானே எழுந்து நடக்கவும் முடிகிற உடம்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவை பொருந்தாத இடங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம் அதிகம் பேசுகிறது.

தூக்கம் கெட்டதால மனசு சரியில்லையா, மனசு சரியில்லாததால தூக்கம் கெட்டுச்சா? எதை முதல்ல சரி பண்றது?

இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். தொடர்ந்து சில இரவுகள் சரியாகத் தூங்காதவருக்குச் சட்டென்று எரிச்சல் வரும், சின்னத் தோல்வியும் பெரிதாகத் தெரியும், வலிகூட அதிகமாக உறைக்கும். கவலையிலோ மனச்சோர்விலோ இருப்பவருக்குப் படுத்தவுடன் தூக்கம் வராது, அல்லது விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடும். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எதை முதலில் என்று கேட்டால், இரவில் உங்களை எழுப்புவது எது என்று முதலில் பாருங்கள். வலி, சிறுநீர், தசை இறுக்கம், மூச்சு, மருந்து என்று உடம்பு சார்ந்த காரணம் ஒன்று இருக்கும்போது அதைத் தொடாமல் "மனசை அமைதியா வச்சுக்கோ" என்று சொல்வதில் பயனில்லை. அப்படி ஒன்றும் அகப்படவில்லை, அல்லது அதைச் சரிசெய்த பிறகும் மனம் கனமாகவே இருக்கிறது என்றால் மனத்துக்கான உதவியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் கவனிப்பது இன்னும் நல்லது.

எத்தனை மணி நேரம் தூங்கணும்? நான் எட்டு மணி நேரம் படுத்தும் அசதி போகலையே?

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம், 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை. கடும் பயிற்சியில் இருப்பவர்கள் இதில் மேல் எல்லையை ஒட்டி இருப்பது நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களுடைய ஓட்ட வேகம், பந்தெறியும் துல்லியம், மனநிலை மூன்றுமே மேம்பட்டன. ஆய்வில் இருந்தது 11 பேர்தான், அவர்கள் மாற்றுத்திறனாளிகளும் அல்லர். ஆனாலும் கூடுதல் தூக்கம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பதை அது காட்டுகிறது.

படுக்கையில் இருந்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. எட்டு மணி நேரத்துக்குள் நான்கு முறை விழித்தவருக்கு அசதி இருக்கத்தான் செய்யும். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தண்டுவடக் காயம் உள்ள ஒருவர் காலையில் கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டுச் சிறுநீர் கழித்து, மலம் கழித்து, தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, உடுத்தி, சக்கர நாற்காலிக்கு மாறி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் அவர் நான்கு மணிக்கே கண் விழிக்க வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவர் ஐந்தரைக்கு எழுந்து ஓடிவந்துவிடுவார். இருவருக்கும் ஒரே நேர அட்டவணை என்றால் ஒருவருடைய தூக்கம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பறிபோகிறது. பயிற்சியாளர்கள் எதை மாற்ற முடியாவிட்டாலும் இந்த ஒன்றை மாற்றலாம்.

என் தூக்கம் நல்லாயிருக்கா மோசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உலகெங்கும் அதிகம் பயன்படுவது 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 21 வரை. 5ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் குறைவு என்று கொள்கிறார்கள். பகலில் எவ்வளவு தூக்கம் சொக்குகிறது என்பதற்கு எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. எட்டுச் சூழ்நிலைகள், 24 மதிப்பெண். 10ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவற்றை நிரப்பும்போது சில இடங்களில் தடுமாற்றம் வரும். "இரவில் கழிவறைக்குப் போக எழுந்தீர்களா" என்ற கேள்விக்கு, அலாரம் வைத்து எழுந்து படுக்கையிலேயே கத்தீட்டர் போட்டுக்கொள்பவர் என்ன எழுதுவது? தூக்கம் கலைந்ததா என்பதுதான் கேள்வியின் நோக்கம். கலைந்தது என்றால் "ஆம்" என்றே எழுதுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்கத் திருப்பிப் படுக்க வைக்கும்போது வரும் விழிப்பும் அப்படித்தான். மதிப்பெண்ணைவிட, இரண்டு வாரம் எழுதிய எளிய தூக்கக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் உதவும். எப்போது படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள், எது எழுப்பியது, காலையில் மனநிலை எப்படி இருந்தது என்ற நான்கும் போதும்.

கையில கட்டுற ஸ்மார்ட் வாட்ச் "தூக்கம் 92"ன்னு காட்டுது. ஆனா நான் ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் இருந்தேன். எதை நம்புறது?

உங்களை நம்புங்கள். கைக்கடிகாரங்கள் முக்கியமாக அசைவை வைத்தும் இதயத் துடிப்பை வைத்தும் கணிக்கின்றன. அசையாமல் விழித்திருப்பதைத் தூக்கம் என்று கணக்கிட்டுவிடுவது இவற்றின் பொதுவான குறை. கைகளில் அசைவு குறைவாக உள்ளவர்களிடம் அந்தக் குறை பெரிதாகிவிடும். கட்டுப்பாடில்லாமல் தானாக வரும் அசைவுகள் உள்ள பெருமூளை வாத (செரிபிரல் பால்சி) வீரர்களிடம் இதற்கு நேர்மாறாக, நன்றாகத் தூங்கியதையும் கடிகாரம் விழிப்பு என்று காட்டலாம்.

"இன்று உடல் தயார்" என்று காட்டும் மதிப்பெண்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கழுத்திலோ மேல் மார்பிலோ தண்டுவடம் காயம்பட்டவர்களுக்கு இதயத்துக்குப் போகும் தானியங்கு நரம்புகளின் கட்டுப்பாடே மாறியிருக்கும். மற்றவர்களை வைத்து அமைத்த கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கடிகாரம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரமும் எழும் நேரமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக மதிப்பெண்ணைப் பார்த்து அன்றைய மனநிலையைக் கெடுத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.

ராத்திரி மூணு தடவை சிறுநீருக்காக எழ வேண்டியிருக்கு. சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்காம இருக்கலாமா?

நாற்காலியில் இருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தண்ணீரை அடியோடு நிறுத்தினால் உடல் வறண்டு, சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடும். தொற்று வந்தால் தசை இறுக்கம், காய்ச்சல், தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து வரும். குடிக்கும் மொத்த அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். பகலில் சீராகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து மெல்லக் குறைத்து, படுக்கும் முன் கடைசியாக ஒருமுறை சிறுநீர்ப்பையை முழுதாகக் காலிசெய்துவிட்டுப் படுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத காரணம் கால்களில் இருக்கிறது. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கீழ்க்கால்களில் நீர் தேங்குகிறது. தசைகள் இயங்காததால் அது மேலே ஏறுவதில்லை. படுத்தவுடன் அந்த நீரெல்லாம் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறத் தொடங்குகிறது. நான் பார்த்த ஒரு சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீராங்கனைக்கு மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் ஆழமான தடம் பதிந்திருக்கும். பயிற்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்துக் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொன்னோம். இரவில் வந்துகொண்டிருந்த சிறுநீரில் பெரும்பகுதி படுக்கப் போவதற்கு முன்பே வந்துவிட்டது. இரவில் விழிப்பு ஒருமுறையாகக் குறைந்தது. அழுத்தக் காலுறைகளும் உதவும். உணர்ச்சி இல்லாத காலில் அவற்றைப் போடும்போது சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் கெடும் என்று இரவுக் கத்தீட்டரைத் தவிர்ப்பது ஆபத்து. மார்புத் தண்டுவடத்தின் 6ஆம் நிலையிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு நிரம்பிய சிறுநீர்ப்பை இரத்த அழுத்தத்தைத் திடீரென்று எகிற வைக்கும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேல் வியர்வை, மயிர்க்கூச்செறிதல் இவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கான நிலை.

படுத்ததும் கால் துடிக்க ஆரம்பிச்சிடுது. பேக்லோஃபென் போட்டும் அடங்கலை. மருந்தைக் கூட்டலாமா?

பேக்லோஃபென் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. அதைக் கூட்டுவதற்கு முன், இறுக்கம் சமீபத்தில் அதிகமானதா என்று யோசித்துப் பாருங்கள். தண்டுவடக் காயத்திலும் பெருமூளை வாதத்திலும் தசை இறுக்கம் திடீரென்று கூடினால், உடம்பில் எங்கோ ஒரு தொந்தரவு ஒளிந்திருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தொடங்கும் படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்விரல் நகம் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். வலி உணராத உடம்பு இறுக்கத்தின் மூலமாகத்தான் அதைச் சொல்கிறது.

படுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நீட்டிப் பயிற்சி செய்வதும், முழங்காலுக்கு அடியிலும் இடையிலும் தலையணை வைப்பதும் பலருக்குப் பலன் தந்திருக்கின்றன. மாத்திரையின் மொத்த அளவை மாற்றாமல் கடைசி வேளையைப் படுக்கும் நேரத்தை ஒட்டி மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் தூக்கம் சொக்குவதற்கும் இதே மருந்து காரணமாக இருக்கலாம். ஆனால் பேக்லோஃபெனை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும்.

எனக்குக் கழுத்துல அடிபட்டது. அதுக்கப்புறம் ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. இதுக்கும் காயத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடியாகவே சம்பந்தம் உண்டு. இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரந்து உடம்புக்கு இரவு வந்ததைத் தெரிவிக்கும். மூளையில் உள்ள உடற்கடிகாரத்திலிருந்து அந்தச் சுரப்பிக்குப் போகும் நரம்புப் பாதை விசித்திரமானது. அது கழுத்து வழியாகத் தண்டுவடத்தில் இறங்கி, மேல் மார்பில் வெளியே வந்து, மறுபடி மேலேறித் தலைக்குள் போகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுமையாகச் சேதமானால் அந்தப் பாதை அறுந்துவிடும், இரவில் மெலடோனின் உயராது. மார்பின் நடுவிலோ கீழேயோ காயம்பட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உடற்கடிகாரம் பழுதாகவில்லை, அதன் செய்தி போய்ச் சேர வேண்டிய ஒரு வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆகவே காலை வெளிச்சம், மாறாத எழும் நேரம், ஒழுங்கான சாப்பாட்டு நேரம் இவை உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். மெலடோனினை வெளியிலிருந்து எடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். அறையின் வெப்பத்தையும் கவனியுங்கள். தூங்கப் போகும்போது உடம்பு தோல் வழியாக வெப்பத்தை வெளியேற்றிக் குளிர வேண்டும். காயத்துக்குக் கீழே வியர்வை இல்லாததால், உங்கள் உடம்பால் அதைத் தானே முழுதாகச் செய்துகொள்ள முடியாது. கூட இருப்பவருக்கு இதமாக இருக்கும் அறை உங்களுக்குப் புழுக்கமாக இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம்.

குறட்டை விடுறேன்னு ரூம்மேட் சொல்றான். நான் குண்டு இல்லையே, இது ஒரு பிரச்சினையா?

ஆம், சோதித்துப் பார்க்க வேண்டிய பிரச்சினை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு வரும் ஸ்லீப் ஆப்னியா, கழுத்துத் தண்டுவடக் காயம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சோதித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. மூச்சுத் தசைகள் பலவீனமாக இருப்பது, பெரும்பாலும் மல்லாந்தே படுப்பது, தசை தளர்த்தும் மருந்துகள் எல்லாம் இதற்குப் பங்களிக்கின்றன. உடல் எடை ஒரு காரணம் மட்டுமே.

போலியோ பாதிப்பு பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி தலைகாட்டுகிறவர்களுக்கும், தசைச்சிதைவு நோய் உள்ள போச்சா (குறிபார்த்துப் பந்தெறியும் பாரா விளையாட்டு) வீரர்களுக்கும் வேறொன்று வரலாம். இரவில் மூச்சு ஆழமில்லாமல் போய்க் கரியமில வாயு தேங்கும். காலைத் தலைவலி, படுத்தால் மூச்சு வாங்குதல், பகலில் மந்தம் இதன் அடையாளங்கள். இவர்களில் எவருக்கும் தூக்க மாத்திரை கொடுப்பதற்கு முன் தூக்கப் பரிசோதனை அவசியம். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி கொடுத்தால், கை பலவீனம் உள்ளவர் அதைத் தானே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துப் பட்டையை மாற்றித் தரச் சொல்லுங்கள். சோம்பேறி, கோபக்காரர் என்று பெயரெடுத்த சிலருடைய குணம் இந்தச் சிகிச்சைக்குப் பின் மாறுவதை அருகில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இல்லாத கால் ராத்திரியில மட்டும் வலிக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

அது நிஜமான வலி. கால் போன பிறகும் அதற்கான இடம் மூளையில் இருக்கிறது, அறுபட்ட நரம்புகளும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பகலில் ஓட்டமும் பேச்சும் கவனத்தை இழுத்துக்கொள்வதால் வலி பின்னுக்குப் போகிறது. இரவில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகப் படுத்ததும் அது முன்னுக்கு வருகிறது.

கண்ணாடி முன் நல்ல காலை அசைத்து, அதன் பிம்பத்தை இழந்த காலாகப் பார்க்கும் பயிற்சி, வெட்டுப்பட்ட காலின் மிச்சப் பகுதியை மெல்லத் தேய்த்துப் பழக்குவது, நரம்பு வலிக்கான மருந்துகள் என்று வழிகள் இருக்கின்றன. வலி வெட்டுப்பட்ட முனையில் ஓரிடத்தில் மட்டும் தொட்டால் மின்சாரம்போல் பாய்ந்தால் அது நரம்பு முடிச்சாக இருக்கலாம், வைத்தியம் வேறு. போட்டிக்கான பிளேடு (ஓடுவதற்கான வளைந்த செயற்கைக் கால்) மாற்றிய பிறகு வலி தொடங்கியிருந்தால் முதலில் காலின் மிச்சப் பகுதி நுழையும் சாக்கெட்டின் பொருத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பார்வை இல்லாத வீரருக்குச் சில வாரம் நல்ல தூக்கம், சில வாரம் தூக்கமே இல்லை. ஏன் இப்படி மாறி மாறி வருது?

வெளிச்சத்தையே உணராதவர்களில் பலருக்கு இது நடக்கிறது. மனித உடற்கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். ஒளிதான் அதைத் தினமும் இழுத்துச் சரிசெய்கிறது. அந்த ஒளி இல்லாவிட்டால் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், சில வாரங்கள் பகலில் விழும், பிறகு மறுபடி இரவுக்குத் திரும்பும். சோம்பலும் இல்லை, மனநோயும் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கும் மெலடோனின் போன்ற மருந்துகளால் சரிசெய்யக்கூடியது. தூக்கக் குறிப்பை ஒரு மாதத்துக்கு மேல் எழுதினால் அந்த நகர்வு தெளிவாகத் தெரியும்.

"இருபது நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா படுக்கையை விட்டு எழுந்து போங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நாற்காலிக்கு மாறவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். நான் என்ன பண்றது?

இந்த அறிவுரை தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் ஒரு பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்தச் சிகிச்சைதான். படுக்கையில் விழித்துக் கிடந்து புழுங்குவது பழகிவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். எழுந்து போவது அதற்கு ஒரு வழி மட்டுமே. நீங்கள் தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து, மங்கலான விளக்கைப் போட்டு, மெல்லிய குரலில் ஏதாவது கேட்டுக்கொண்டிருங்கள். கண் சொக்கியதும் சாய்ந்துகொள்ளுங்கள். உட்காரும் நிலை விழிப்புக்கு, படுக்கும் நிலை தூக்கத்துக்கு என்று உடம்பு பழகிக்கொள்ளும்.

பகலில் படுக்கையைத் தவிருங்கள் என்பதும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. தோலுக்கு ஓய்வு கொடுக்கப் பகலில் படுத்தே ஆக வேண்டும். முடிந்தால் அதற்கு வேறு மெத்தையோ பாயோ வைத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் அதே கட்டிலில் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுங்கள்.

இதே சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை ஆழமாக்கும் முறை ஒன்றும் உண்டு. அதைத் தானாகத் தொடங்க வேண்டாம். பெருமூளை வாதமோ தலைக்காயமோ உள்ளவர்களில் வலிப்பு இருப்பவர்களுக்குத் தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். நாற்காலியில் இருப்பவருக்கோ, குறையும் படுக்கை நேரம் கூடுதல் உட்காரும் நேரமாகிப் புண்ணில் முடியலாம்.

சாயங்காலப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்குமா? மதியம் தூங்கலாமா?

மாலைப் பயிற்சி பொதுவாகக் கெடுதல் இல்லை. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும் பயிற்சிதான் தொந்தரவு தரும். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு ஏறிய உடல்வெப்பம் இறங்க நேரமாகும் என்பதால் இன்னும் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள். தோள் வலியோடு பயிற்சியை முடித்தால் அதே தோளின்மேல் படுக்க முடியாது. நாற்காலியைத் தள்ளும் தோளுக்கு இரவுதான் ஒரே ஓய்வு. மதியத் தூக்கம் 20 முதல் 30 நிமிடம், மூன்று மணிக்கு முன் என்றால் நல்லது. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலையில் வேண்டாம்.

தூக்கத்துக்கு மாத்திரை போட்டா ஊக்கமருந்துச் சோதனையில மாட்டிக்குவேனா?

மெலடோனின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. சிக்கல் நாம் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது. இரவுச் சிறுநீரைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் டெஸ்மோபிரெசின் எல்லாக் காலத்திலும் தடைசெய்யப்பட்டது. அதே நோக்கத்துக்குப் பிற்பகலில் தரப்படும் ஃபுரோசமைடு போன்ற சிறுநீர்பெருக்கிகளும் அப்படியே. வலிக்கான டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. பகல் தூக்கத்தை விரட்டும் மோடாஃபினிலும் போட்டிக் காலத்தில் தடை. உண்மையிலேயே தேவை என்றால் சிகிச்சை விலக்கு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. துணை உணவாக விற்கப்படும் தூக்க மாத்திரைகளில் லேபிளில் இல்லாத பொருளும் கலந்திருக்கலாம்.

சோதனையைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு. அடித்துப்போடும் தூக்க மாத்திரை போட்டவர் இரவில் புரள மாட்டார், சிறுநீர்ப்பை நிரம்புவதை உணர மாட்டார். மூச்சடைப்பு இருந்தால் அதுவும் கூடும். ஒரு வாரத் தூக்கத்துக்காகப் பல மாதம் ஆறாத படுக்கைப்புண்ணை வாங்கிக்கொண்டால் அந்தப் பருவமே போய்விடும்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போனா ஒரு வாரம் தூக்கமும் இல்லை, மனசும் ஒரு நிலையில் இல்லை. எப்படிச் சமாளிக்கிறது?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில் உடம்பு பழகும். கிழக்கு நோக்கிய பயணம் பெரும்பாலும் கூடுதல் கடினம். இது எல்லோருக்கும் பொது. பாரா வீரர்களுக்குக் கூடுதலாக வருவது விமானக் கழிவறைப் பயம். அங்கே போக முடியாது என்பதற்காக முந்தைய நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வறண்ட உடம்போடு போய் இறங்குகிறவருக்கு அசதியும் தொற்றும் காத்திருக்கும். நீண்ட பயணத்துக்குத் உள்ளேயே வைத்திருக்கும் தொடர் கத்தீட்டரும் சிறுநீர் சேரும் பையும் பொருந்துமா என்று முன்பே மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

தங்கும் அறையைப் பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையுமா, கட்டிலின் உயரம் என்ன, மெத்தை எப்படிப்பட்டது என்பவை தூக்கத்தைத் தீர்மானிக்கும். இரவில் இருமுறை எழுபவரையும் சின்னச் சத்தத்துக்கு விழிப்பவரையும் ஒரே அறையில் போடாதீர்கள். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பிவிடுவோமோ என்ற சங்கடத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலி சேதமில்லாமல் வந்ததா என்ற கவலையும் மனநிலையைக் கெடுக்கும். அடிப்படை உதிரி பாகங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை குறையும்.

போட்டிக்கு முந்தின ராத்திரி கண்ணே மூடலை. நாளைக்கு எல்லாம் போச்சா?

இல்லை. ஒரே ஒரு மோசமான இரவால் பெரும்பாலானவர்களுடைய பலமும் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. அதைப் பற்றிய பயம்தான் அதிகம் கெடுக்கும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கி வைத்தால் கடைசி இரவு ஆட்டம் கண்டாலும் தாங்கும். புது மாத்திரையை அன்றைக்கு முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

வகைப்பாட்டுச் சோதனைக்குப் பயந்தே ஒரு மாசமா தூக்கம் இல்லை. அன்னிக்கு அசதியா போனா வகுப்பு மாறிடுமோ?

உடல் குறைபாட்டின் அளவைப் பார்த்து, எந்தப் போட்டிப் பிரிவில் (வகுப்பில்) விளையாடலாம் என்று முடிவுசெய்வதுதான் வகைப்பாட்டுச் சோதனை. வகுப்பு மாறினால் இத்தனை ஆண்டு உழைப்பு வீணாகும் என்ற பயம் நியாயமானது. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசாததால்தான் அது இரவில் பூதாகரமாகிறது. மருத்துவ ஆவணங்களையும் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் முன்பே தயாராக வைத்துக்கொண்டு, தூக்கக் குறைவையும் அசதியையும் வகைப்பாட்டுக் குழுவிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். திறனை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது தடைவிதிக்கப்படும் குற்றம். களைப்பை மறைக்காமல் சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பு. கேள்விகள் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் மாலையில் அவற்றைத் தாளில் எழுதி, பக்கத்தில் யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

மாற்றுத்திறனாளின்னா மனச்சோர்வு இருக்கத்தானே செய்யும்? அதுக்கெல்லாம் மருத்துவரா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர்களும் கேட்கிறார்கள், மருத்துவர்கள் சிலரும் கேட்கிறார்கள். இது தவறான எண்ணம், ஆபத்தானதும்கூட. விளையாட்டு வீரர்களின் மனநிலையை அளக்க 1971இல் வெளியான மனநிலைச் சுயவிவரத்தை (போம்ஸ்) நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். நன்றாக இருக்கும் வீரருக்கு அதில் விறுவிறுப்பு உயர்ந்தும், பதற்றம், மனச்சோர்வு, கோபம், களைப்பு, குழப்பம் ஐந்தும் தாழ்ந்தும் இருக்கும். சக்கர நாற்காலி வீரர்களிடமும் இதே வடிவம் காணப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு பாரா வீரர் வாரக்கணக்கில் துவண்டு கிடந்தால் அதற்குக் காரணம் உண்டு, அதைத் தேடித்தான் ஆக வேண்டும். "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டால் சரிசெய்யக்கூடிய வலியும், மூச்சடைப்பும், மனச்சோர்வும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்து, பிடித்த விளையாட்டிலேயே விருப்பம் விட்டுப்போனால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். அசதி, தூக்கக்கேடு, பசியின்மை இவற்றைக் காயத்தின் மேலேயே போட்டுவிட இடமிருப்பதால், விருப்பம் போய்விட்டதா, தன்மீது வெறுப்பு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே நெருக்கமான ஒருவரிடம் சொல்லி அவசர உதவியை நாடுங்கள். கேட்பவர் அவரைத் தனியாக விடக்கூடாது.

நான் பயிற்சியாளர். பையன் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கான். உள்ளுக்குள்ள சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவருடைய வழக்கத்தில் வரும் மாற்றத்தைப் பாருங்கள். எப்போதும் டயரில் காற்றைத் தானே சரிபார்ப்பவர் அதை விட்டுவிடுவது, கையுறையை மறந்துவிட்டு வருவது, சேர்ந்து சாப்பிடும் இடத்தில் ஓரமாக உட்காருவது எல்லாம் சிரிப்பைவிட அதிகம் சொல்லும். பயிற்சிக்கு முன் தூக்கம், களைப்பு, தசை வலி, மனநிலை நான்குக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டு எழுதி வையுங்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். மதிப்பெண் குறைந்தால் அணியில் இடம் போகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லோரும் 5தான் எழுதுவார்கள்.

மகனைத் திருப்பிப் படுக்க வைக்க ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன். அவனுக்கும் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. வேற வழியே இல்லையா?

உண்டு. முதலில், அவர் சிறுநீருக்காக விழிக்கும் நேரத்தையும் திருப்பும் நேரத்தையும் ஒன்றாக்குங்கள். இரண்டு வேலைக்கு ஒரு விழிப்பு போதும். அடுத்து, அழுத்தத்தைப் பரப்பும் மெத்தையோ, மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தையோ அவருக்குப் பொருந்துமா என்று மறுவாழ்வுக் குழுவிடம் கேளுங்கள். நல்ல மெத்தை இருந்தால், தோலைக் காலையில் பார்த்துப் பார்த்துத் திருப்பும் இடைவெளியை அரை அரை மணி நேரமாக நீட்டிக்கொண்டு போகலாம். அழுத்தி எடுத்தும் மறையாத சிவப்பு எங்காவது தெரிந்தால் உடனே பழைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிற மாற்றம் இருக்கிறதா என்று கண்ணாலும், சூடு, கடினம் இருக்கிறதா என்று கையால் தொட்டும் பாருங்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு இரவு முறை வைத்துக்கொள்ளுங்கள். பாதி இரவு நீங்கள், பாதி இரவு அவர் என்று பிரிப்பதைவிட ஒரு முழு இரவைத் தடையில்லாமல் தூங்குவது அதிக ஓய்வு தரும். மகனை மருத்துவரிடம் அழைத்துப் போகும் அடுத்த முறை உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.